வேலையாள் தானே கூட்டிப் பார்க்கக்கூடிய ஊக்கத்தொகை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

"ஆள் பிடிக்கலாம், நிப்பாட்டி வைக்கத்தான் ஏலாது." காத்தான்குடிப் புடவைக் கடையிலும், சம்மாந்துறை அரிசி ஆலையிலும், பாசிக்குடா ஹோட்டல் சமையலறையிலும் இந்தப் பேச்சு ஒன்றுதான். வளைகுடாவுக்கும் கொரியாவுக்கும் போகிறவர்களைப் பற்றிப் பத்திரிகைகளில் நிறைய வருகிறது. போகாமல் இங்கேயே நிற்கிறவருக்குச் சம்பளமும் ஊக்கத்தொகையும் எப்படிக் கணக்கிடப்படுகின்றன என்பதைப் பற்றி அவ்வளவாக வருவதில்லை. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் கடைகளுக்கும் ஆலைகளுக்கும் சம்பளக் கணக்கு எழுதுகிறவர்கள் என்ற முறையில் அதைப் பற்றிச் சில விடயங்களைச் சொல்ல விரும்புகிறோம். முதலாளிமாரும் வாசிக்க வேண்டும், அவர்களிடம் வேலை செய்கிறவர்களும் வாசிக்க வேண்டும் என்று நினைத்தே எழுதுகிறோம்.

எங்கள் பக்கத்தில் ஊக்கத்தொகை கொடுக்காத இடம் குறைவு. பெருநாளைக்கு ஒரு கவர், வியாபாரம் நன்றாக நடந்த மாதத்தில் கையில் இரண்டாயிரம், முதலாளிக்குப் பிடித்த பொடியனுக்கு ஒரு போன். காசு போகிறது. எதற்காக வந்தது என்று வாங்கியவருக்குத் தெரியாது, ஏன் தனக்கு வரவில்லை என்று வாங்காதவருக்கும் தெரியாது. அடுத்த மாதம் எதைக் கூடச் செய்தால் அது திரும்ப வரும் என்று இருவருக்குமே தெரியாது. ஊக்கத்தொகை ஒன்று சரியாக ஓடுகிறதா என்று பார்க்க எங்களிடம் ஒரே ஒரு சோதனைதான் உண்டு. மாதம் 20ஆம் திகதி வேலையாளைக் கூப்பிட்டு, "இந்த மாதம் உங்களுக்கு எவ்வளவு வரும்?" என்று கேளுங்கள். அவர் விரல் மடித்துக் கூட்டி, ஐந்நூறு ரூபா முன்பின்னாகச் சொல்லிவிட்டால் அது ஊக்கத்தொகை. முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் அது அன்பளிப்பு. அன்பளிப்பு கொடுப்பது நல்ல காரியம்தான், ஆனால் அதை நம்பி யாரும் வேலையைக் கூட்டிச் செய்வதில்லை.

அதற்கெல்லாம் முன்னால் அடிப்படைச் சம்பளம். 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் வந்தபோது மாதத்துக்கு 10,000 ரூபா என்று தொடங்கியது. 2025 ஏப்ரலில் அது 27,000 ஆயிற்று, 2026 ஜனவரியில் 30,000 ஆயிற்று. இன்னமும் சில இடங்களில் "அடிப்படை பதினெட்டு, கொமிஷனோடு முப்பது தாண்டும்" என்று சொல்லி ஆள் எடுக்கிறார்கள். ஊக்கத்தொகையைக் கூட்டித்தான் குறைந்தபட்சத்தை எட்ட வேண்டும் என்றால் அங்கே ஊக்கத்தொகை என்று ஒன்றில்லை. சம்பளத்தில் உள்ள குறையைத்தான் வேறு பெயரில் எழுதியிருக்கிறார்கள். வியாபாரம் விழுந்த மாதத்தில் அந்த வேலையாள் கடைக்காரரின் நட்டத்தைத் தன் வீட்டு உலையில் ஏற்றுகிறார்.

ஊழியர் சேமலாப நிதியையும் (ஈபிஎஃப், ஓய்வுகாலச் சேமிப்பு) பலர் வெட்டுக்காசாகவே பார்க்கிறார்கள். அதை இலக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 36,000 ரூபா சம்பளக்காரரிடம் 8 வீதம், அதாவது 2,880 ரூபா கழிக்கப்படுகிறது. முதலாளி 12 வீதம், அதாவது 4,320 ரூபா போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், 1,080 ரூபா, முழுவதும் முதலாளியின் காசு. வருடத்துக்குக் கூட்டினால் 99,360 ரூபா. "எனக்கு ஈபிஎஃப் வேண்டாம், கையில தாங்க" என்று வேலையாளே கேட்பதும், முதலாளி அதைச் சாட்டாக வைத்துக்கொண்டு விட்டுவிடுவதும் இங்கே வழக்கம். வேலையாள் கேட்டுக்கொண்டாலும் அந்தக் கடமை முதலாளியை விட்டு நீங்காது. மாதச் சம்பளச் சிட்டையில் கழிவை மட்டும் எழுதாமல், முதலாளி போட்ட 5,400 ரூபாவையும் தனி வரியாக எழுதினால் பாதிப் பேச்சு குறைந்துவிடும். கொமிஷனுக்கும் துண்டுக்கூலிக்கும் சேமலாப நிதி உண்டு, மேலதிக நேரக் காசுக்கு இல்லை. துண்டுக்கூலியை ஏட்டில் 'ஓ.டி.' என்று எழுதிச் சேமலாபத்தைத் தப்ப வைக்கிற கணக்கப்பிள்ளைமாரும் இருக்கிறார்கள். வேலையாள் பத்து வருடம் கழித்துத் தன் மீதியைப் பார்க்கும்போதுதான் அந்தப் பொத்தல் தெரியவரும்.

மேலதிக நேரத்தையும் ஊக்கத்தொகையையும் ஒன்றாகக் குழைப்பது இன்னொரு பிழை. நோன்புப் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் முந்திய கிழமைகளில் கடை நடுச்சாமம் வரை திறந்திருக்கும். கடை, அலுவலக ஊழியருக்கான 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டப்படி நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45. அதற்கு மேல் ஒன்றரை மடங்கு. 36,000 ரூபாவை 240ஆல் (30 நாள், நாளுக்கு 8 மணித்தியாலம்) பிரித்தால் மணித்தியாலத்துக்கு 150, ஒன்றரை மடங்கு 225. நான்கு மணித்தியாலம் நின்றவருக்கு 900 ரூபா உரிமையாக வர வேண்டும். அவருக்கு 500 ரூபாவை நீட்டி "இது உனக்கு ஸ்பெஷல்" என்று சொன்னால் அவருக்குக் கணக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். பக்கத்துக் கடைப் பொடியன் போனில் கூட்டிக் காட்டியிருப்பான்.

இனி ஊக்கத்தொகைக்கு வருவோம். விற்பனைக் கடையில் பெரும்பாலும் நடப்பது தனியாள் கொமிஷன். யார் பில் போட்டாரோ அவருக்கு 1 வீதம் என்று வைக்கிறார்கள். இரண்டு மாதத்துக்குப் பிறகு அந்தக் கடையின் வாசலில் நின்று பார்த்தால் நடப்பது தெரியும். கலியாணக் கூறைக்கு வந்த குடும்பத்தை மூன்று பேர் சூழ்ந்துகொள்வார்கள். பள்ளிக்கூட யூனிபோர்ம் துணி கேட்டு வந்த தாய் அரை மணித்தியாலம் நிற்பார். விரித்துப் போட்ட சேலைகளை மடிக்க ஆள் இராது, மடிப்பதற்குக் கொமிஷன் இல்லையே. புதுப் பொடியனுக்கு அளவு வெட்டப் பழக்கவும் ஆள் இராது, பழகினால் அவன் போட்டிக்கு வந்துவிடுவான். கல்லாவில் இருப்பவரும் பொதி கட்டுபவரும் தங்களுக்கு ஒன்றுமில்லை என்று மனம் கசந்து நிற்பார்கள்.

எட்டுப் பேர் வேலை செய்கிற கடைக்கு நாங்கள் சொல்வது பொதுத் தொகை. கடையின் முழு விற்பனைக்கு ஒரு அடி வரம்பு வைப்பது, அதைத் தாண்டியதில் ஒரு வீதத்தை ஒதுக்கி எல்லாருக்கும் பகிர்வது. உதாரணத்துக்கு அடி வரம்பு 30 இலட்சம், விற்றது 40 இலட்சம், தாண்டியதில் 3 வீதம் என்றால் 30,000 ரூபா. அதில் 18,000 ரூபாவை எட்டுப் பேருக்கும் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 2,250. மீதி 12,000 ரூபாவை வேலைக்கு வந்த நாட்களின்படி பிரிக்கலாம். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டி, ஒவ்வொரு இரவும் அன்று வரைக்குமான மொத்த விற்பனையை எழுத வேண்டும். மொத்த விற்பனையை வெளியில் காட்ட முதலாளிக்கு மனம் வராவிட்டால் அடி வரம்பில் எத்தனை வீதம் எட்டியாயிற்று என்று மட்டும் எழுதினாலும் போதும். திரும்பி வந்த சாமானையும், கடனுக்குக் கொடுத்து வராமல் நிற்கும் காசையும் கழித்த பிறகே விற்பனை என்று கணக்கிடப்படும் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மாதக் கடைசியில் சொன்னால் சண்டை.

அடி வரம்பு எங்கிருந்து வருகிறது என்பதில்தான் பல கடைகள் விழுகின்றன. போன வருடம் இதே மாதம் என்று எடுத்துவிடுகிறார்கள். காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, அக்கரைப்பற்றுக் கடைகளுக்கு அது சரிவராது. நோன்பு ஒவ்வொரு வருடமும் 11 நாள் அளவுக்கு முன்னால் வருகிறது. போன வருடம் பெருநாள் வியாபாரம் நடந்த மாதத்தை இந்த வருடம் வெறும் மாதத்துக்கு அளவாக வைத்தால், யார் எவ்வளவு பாடுபட்டாலும் வரம்பை எட்ட முடியாது. பெருநாளுக்கு முந்திய 30 நாளைப் போன வருடப் பெருநாளுக்கு முந்திய 30 நாளோடு ஒப்பிட வேண்டும். உழவு இயந்திர உதிரிப்பாகம், உரம், ஹாட்வெயார் கடைகளுக்கு அளவுகோல் நெல்தான். பெரும்போக அறுவடைக் காசு மாசி, பங்குனியில் புழங்கும், சிறுபோகக் காசு ஆவணிக்குப் பிறகு வரும். வருடம் முழுக்க ஒரே வரம்பு வைத்த கடையில் வேலையாள் நான்கு மாதம் சும்மா இருந்து வாங்குவார், எட்டு மாதம் பாடுபட்டும் வாங்க மாட்டார்.

வரவுக்கான ஊக்கத்தொகையைப் பற்றிச் சொல்ல வேண்டும், அதில்தான் அதிகக் காசு வீணாகிறது. "மாதம் முழுக்க வந்தால் 6,000, ஒரு நாள் தவறினாலும் இல்லை" என்பது பரவலான முறை. 4ஆம் திகதி பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் வீட்டில் நின்ற தாய்க்கு அந்த மாதம் எல்லாம் போய்விட்டது. மீதி 26 நாளும் அவரை வரவைக்க அந்த ஊக்கத்தொகையில் ஒன்றும் மிச்சமில்லை. எப்படியும் இல்லைதானே என்று இன்னும் இரண்டு நாள் நின்றுவிடுவார். படியாக இறக்குங்கள். ஒரு நாளும் தவறாவிட்டால் 6,000, ஒரு நாள் என்றால் 4,500, இரண்டு நாள் 3,000, மூன்று நாள் 1,500, அதற்கு மேல் இல்லை. சட்டப்படி உரிய லீவை முன்கூட்டிச் சொல்லி எடுத்தால் அது தவறிய நாள் ஆகாது என்றும் எழுத வேண்டும். ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தத்துக்கும், கதிர்காமப் பாதயாத்திரைக்கும், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கும் மனிதர் போகத்தான் போவார். அந்த நாட்களை வருடத் தொடக்கத்திலேயே அட்டவணையில் போட்டு, ஆள் மாற்றி வைத்துக்கொள்கிற முதலாளிக்கு ஆவணியில் ஆள் தேட வேண்டி வராது.

பிந்தி வந்தால் 200 ரூபா வெட்டு என்ற முறையும் இதோடு சேர்ந்தது. சம்பளத்தில் தண்டம் வெட்டுவதற்குச் சட்டத்தில் கட்டுப்பாடு உண்டு என்பது ஒரு பக்கம். அது பலிப்பதுமில்லை. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் சிறுபிள்ளைப் பராமரிப்பு நிலையங்களில், பிள்ளையைப் பிந்தி வந்து கூட்டிப்போகும் பெற்றோருக்குத் தண்டம் போட்டுப் பார்த்தார்கள். 2000ஆம் ஆண்டில் வெளியான அந்த ஆய்வில், தண்டம் வந்த பிறகு பிந்தி வருகிறவர் தொகை ஏறத்தாழ இரு மடங்காகிவிட்டது. தண்டத்தை எடுத்த பிறகும் அது குறையவில்லை. முன்பு பிந்தி வருவதற்கு வெட்கப்பட்டவர்கள், பிறகு அதற்கு விலை கொடுத்தாயிற்று என்று நினைத்துக்கொண்டார்கள். எங்கள் கடைகளிலும் "இருநூறுதானே, வெட்டட்டும்" என்கிற சொல் காதில் விழுகிறது.

அரிசி ஆலையில் கணக்கு வேறு மாதிரி. அங்கே நாளுக்கு எத்தனை மூட்டை என்று ஊக்கத்தொகை வைப்பதுதான் வழக்கம். அது ஆலையையே தின்றுவிடும். ஏன் என்று பார்க்கக் களத்துக்குப் போக வேண்டும். அவித்த நெல் களத்தில் காய்கிறது. ஈரம் 18 வீதத்துக்கு வந்ததும் குவித்து மூடிச் சில மணித்தியாலம் ஆறவிட வேண்டும். உள்ளே இருக்கிற ஈரம் வெளியில் வந்து மணி முழுக்கச் சமனாகட்டும் என்பதற்காக. பிறகு திரும்ப விரித்து 14 வீதத்துக்கு இறக்க வேண்டும். மூட்டைக்குக் காசு என்றால் முதலில் வெட்டுப்படுவது இந்த ஆறப்போடும் நேரம்தான். கொளுத்துகிற வெயிலில் ஒரே மூச்சில் காயவைத்து எடுத்து விடுவார்கள். நெல்லைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. உமியை நீக்கி வெளிச்சத்தில் பிடித்தால் மணியின் குறுக்கே மயிர் போல ஒரு கீறல் தெரியும். மெஷினுக்குள் போனதும் அந்தக் கீறலில்தான் உடைகிறது. மெஷினில் நிற்பவரும் நெல்லைக் கூடத் திறந்து, உமி நீக்குகிற ரப்பர் ரோலரை நெருக்கி ஓட்டுவார். மூட்டை கூடும், குறுணலும் (உடைந்த அரிசி) கூடும், ரோலரும் நாளுக்கு முன்னால் தேயும்.

100 கிலோ நெல்லில் உமியே 20 கிலோ அளவுக்குப் போய்விடும். தவிட்டையும் கழித்தால் 65 முதல் 68 கிலோ அரிசி வருவது நல்ல ஆலை. அதில் முழு அரிசி எவ்வளவு, குறுணல் எவ்வளவு என்பதில்தான் இலாபம் இருக்கிறது. ஆகவே ஊக்கத்தொகையை அங்கே கட்டுங்கள். 10,000 கிலோ நெல்லில் 6,500 கிலோ அரிசி வருகிறது, அதில் குறுணல் வழமையாக 10 வீதம் என்று வைப்போம். அது 8 வீதமாகக் குறைந்தால் 130 கிலோ குறுணல் முழு அரிசியாகிறது. இரண்டுக்கும் விலை வித்தியாசம் கிலோவுக்கு 100 ரூபா என்றால் 13,000 ரூபா. அதில் மூன்றில் ஒரு பங்கு, 4,300 ரூபா அளவில், அந்த நெல்லை அவித்தவர், காயவைத்தவர், மெஷினில் நின்றவர் எல்லாருக்குமாகப் பிரியட்டும். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு கிலோ அரிசியை எடுத்துச் சல்லடையில் அரித்துத் தராசில் வைத்தால் குறுணல் வீதம் வந்துவிடும். வேலையாள் முன்னால் நிறுக்க வேண்டும், ஏட்டில் அவர் கையெழுத்தும் வேண்டும்.

இதில் ஒரு கண்ணி உண்டு. நெல் வரும்போதே மழையில் நனைந்து வெடித்திருந்தால் குறுணலுக்கு வேலையாள் பொறுப்பில்லை. மாசி அறுவடையில் மழை பிடித்தால் அப்படியான நெல் நிறைய வரும். அந்தத் தொகுதியை இறக்குகிற நாளிலேயே ஈரமானியில் அளந்து, ஒரு பிடி நெல்லை உமி நீக்கிப் பார்த்து, "இது கணக்கில் சேராது" என்று இரு தரப்பும் எழுதிவிட வேண்டும். அரைத்து முடிந்த பிறகு சொன்னால் முதலாளி சொன்னாலும் சாட்டு, வேலையாள் சொன்னாலும் சாட்டு. கீரிச் சம்பாவையும் நாட்டரிசியையும் ஒரே அளவுகோலில் வைக்கவும் கூடாது. நெல்லினத்துக்கு ஒன்று, போகத்துக்கு ஒன்று என்று தனித்தனி சராசரி வேண்டும்.

மூட்டை ஏற்றி இறக்குகிற நாட்டாமைமாருக்கு மூட்டைக் கணக்குத்தான் பொருத்தம், அதில் மாற்றம் வேண்டியதில்லை. குழுத் தலைவரிடம் மொத்தமாகக் கொடுக்காமல் ஆளாளுக்குச் சிட்டை போட்டுக் கொடுத்தால் போதும். தலைவர் கையில் கொடுத்தால் புதியவருக்குப் பங்கு குறையும், அவர் ஒரு மாதத்தில் நின்றுவிடுவார்.

துண்டுக்கூலி கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. அமெரிக்காவில் கார்க் கண்ணாடி மாற்றுகிற ஒரு கம்பனி மணித்தியாலச் சம்பளத்திலிருந்து துண்டுக்கூலிக்கு மாறியதை எட்வர்ட் லசியர் என்ற பொருளியலாளர் ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் எழுதினார். ஆளுக்கு வேலை 44 வீதம் கூடியது, சம்பளம் 10 வீதம் அளவில் கூடியது. அந்த 44இல் ஏறத்தாழ பாதி, இருந்த ஆட்களே கூடச் செய்ததால் வந்தது. மீதி, கெட்டிக்காரர்கள் அந்தக் கம்பனியைத் தேடி வந்து சேர்ந்ததாலும் விலகாமல் இருந்ததாலும் வந்தது. ஆனால் அங்கே இரண்டு காவல் இருந்தன. எவ்வளவு குறைவாகச் செய்தாலும் அடிச் சம்பளத்துக்குக் கீழே இறங்காது. பொருத்திய கண்ணாடி உடைந்தால் பொருத்தியவரே கூலியில்லாமல் திரும்பச் செய்ய வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் துண்டுக்கூலியை மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு மருதமுனைத் தறிகளைப் பார்க்கலாம்.

சாரனுக்கு இத்தனை, சேலைக்கு இத்தனை என்றுதான் தறியில் கூலி. நீளத்துக்குக் காசு என்பதால் ஊடையை (குறுக்கு இழையை) நெருக்கி அடிக்காமல் ஓட்டுவதற்கு மனம் இழுக்கும். அங்குலத்துக்கு நாலு இழை குறைந்தாலும் கண்ணுக்குத் தெரியாது, இரண்டு தோய்ச்சலில் துணி தளர்ந்துவிடும். மருதமுனைச் சாரன் என்ற பெயருக்குத்தான் அடி. அங்குலத்துக்கு எத்தனை ஊடை என்று கூலிச் சிட்டையிலேயே எழுதி, துணியைப் பொறுப்பெடுக்கும்போது பூதக்கண்ணாடி வைத்து மூன்று இடத்தில் எண்ணிப் பார்த்து, முதல் தரத்துக்கு ஒரு கூலி, இரண்டாம் தரத்துக்கு ஒரு கூலி என்று கொடுக்க வேண்டும்.

நெசவாளருக்கு அதைவிடப் பெரிய அநியாயம் சும்மா நிற்கிற நாள். பாவு (நெடுக்கு இழை) முடிந்து புதுப் பாவு ஏற்றி இழை பிணைக்கிற நாளுக்குக் கூலி இல்லை. சாய நூல் வரப் பிந்தினால் அதற்கும் இல்லை. நூல் வாங்குவது முதலாளியின் வேலை, அது பிந்தினால் பட்டினி நெசவாளருக்கு. பாவு ஏற்றும் வேலைக்குத் தனிக் கூலி வைக்க வேண்டும். நூல் இல்லாமல் தறி நின்ற நாளுக்கு, வழமையான நாட்கூலியில் பாதியாவது கொடுக்க வேண்டும். அந்தப் பாதிக் காசு முதலாளியின் பையைக் கடிக்கத் தொடங்கினால் நூல் நேரத்துக்கு வந்து சேரும். வீட்டில் நூல் சுற்றிக் கொடுக்கிற மனைவியின் வேலைக்கும் கூலிச் சிட்டையில் ஒரு வரி வேண்டும். இன்று அது யாருடைய கணக்கிலும் இல்லை.

கூலி வீதத்தைக் குறைப்பதைப் பற்றியும் இங்கேதான் சொல்ல வேண்டும். ஒருவர் கெட்டித்தனமாக வேலை செய்து மற்றவரைவிட ஒன்றரை மடங்கு வாங்கத் தொடங்கினால், "ரேட் கூடிப்போச்சு" என்று முதலாளி வீதத்தை இறக்குகிறார். அந்த ஒரு நாளில் அந்த இடத்து வேலையாட்கள் எல்லாரும் ஒரு பாடம் படித்துவிடுவார்கள், எவ்வளவுக்கு மேல் செய்யக் கூடாது என்று. பிறகு எந்த ஊக்கத்தொகையும் அவர்களை அசைக்காது. வீதம் ஆறு மாதத்துக்கோ ஒரு வருடத்துக்கோ மாறாது என்று எழுதிக் கொடுங்கள். புது மெஷின் வந்தால், வேலை முறை மாறினால் மட்டும், ஒரு மாதம் முன்கூட்டிச் சொல்லி மாற்றலாம்.

பாசிக்குடாவிலும் அறுகம்பையிலும் ஹோட்டல்காரர் வாங்குகிற 10 வீதச் சேவைக் கட்டணம், ஆளுக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கில் ஊழியருக்குப் பிரிகிறது. முறை நல்லது. மொத்தம் எவ்வளவு, ஒரு புள்ளிக்கு எவ்வளவு என்று பலகையில் ஒட்டாததால்தான் சந்தேகம். பில் போடுகிற பொடியனுக்கு மொத்தம் ஏறத்தாழத் தெரியும், சமையலறைக்கு வந்து சொல்லிவிடுவான், சொல்லும்போது கூட்டியும் சொல்வான். ஒரு தாள் ஒட்டினால் முடிகிற விடயம். சீசன் முடிந்து ஐப்பசியில் போகிறவர் சித்திரையில் திரும்பி வர ஒரு தொகை வைப்பதும் நல்லதே. ஆனால் அது சம்பளத்துக்கு மேலான காசாக இருக்க வேண்டும். உழைத்த சம்பளத்தில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துவிட்டு "வந்தால் தருவோம்" என்பது ஊக்கத்தொகை ஆகாது.

எல்லாவற்றிலும் மோசமாகப் பிழைத்துப்போனது நுண்கடன் வசூலிப்பில். இத்தனை பேருக்குக் கடன் கொடுத்தால் இவ்வளவு, நூறு வீதம் வசூலித்தால் இவ்வளவு என்று உத்தியோகத்தருக்கு டார்கெட் வைத்தார்கள். ஏற்கெனவே மூன்று நான்கு இடத்தில் கடன்பட்ட பெண்ணுக்கு ஐந்தாவது கடனைக் கொடுப்பதும், கிழமைத் தவணைக்கு இருட்டும் வரை அவர் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளில் குந்தியிருப்பதும் அந்த டார்கெட்டின் வேலை. அந்தப் பொடியன்மார் கெட்டவர்கள் இல்லை, அவர்கள் சம்பளச் சிட்டை அப்படிச் செய்யச் சொன்னது. 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பட்டிருந்த, ஓர் இலட்சம் ரூபாவுக்குக் குறைந்த நுண்கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்ததை இந்த மாவட்டங்களில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கடன் கொடுத்த அன்றே ஊக்கத்தொகை கொடுக்காமல் ஆறு மாதம் கழித்து, வேறு கடன் வாங்கிக் கட்டாமல் ஒழுங்காகக் கட்டி வருகிறவரை மட்டும் எண்ணிக் கொடுத்தால் உத்தியோகத்தரே ஆள் பார்த்துக் கொடுப்பார்.

நீண்ட காலம் நிற்கிறவருக்குச் சட்டமே ஒரு வெகுமதி வைத்திருக்கிறது. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் 5 வருடம் முடித்தவருக்கு, 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் உண்டு. மாதச் சம்பளக்காரர் அல்லாதவருக்கு வருடத்துக்கு 14 நாட் சம்பளம். இதைத் தவிர்க்க 4 வருடமும் சில மாதமும் ஆனதும் ஆளை நிறுத்திவிடுகிறார்கள். நான்கு வருடத்துக்கு மேல் பழகிய மெஷின்காரரை அந்த அரை மாதச் சம்பளத்துக்காக இழந்துவிட்டு, புதியவர் பழகும் வரை உடைகிற அரிசியை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. 36,000 ரூபாக்காரருக்கு அது வருடத்துக்கு 18,000, மாதத்துக்கு 1,500 ரூபா. அதை மாதாமாதம் தனியாக வங்கியில் ஒதுக்கினால் கடைசியில் கழுத்தைப் பிடிக்காது.

புதிதாக ஊக்கத்தொகை தொடங்குகிறவர்களுக்குச் சொல்ல இன்னும் ஒன்றிரண்டு உண்டு. அறிவிப்பதற்கு முன்னால் போன ஆறு மாதப் பில்களை எடுத்து, இந்த முறை அப்போது இருந்திருந்தால் யாருக்கு எவ்வளவு போயிருக்கும் என்று தாளில் போட்டுப் பாருங்கள். எல்லா மாதமும் எல்லாருக்கும் போயிருந்தால் வரம்பு தாழ்வு, ஒரு மாதமும் போகாவிட்டால் வரம்பு உயரம். எங்கள் கணிப்பில் சம்பளத்தில் 10 முதல் 20 வீதத்துக்குள் ஊக்கத்தொகை நிற்பது நல்லது. அதைவிடக் குறைந்தால் யாரும் கவனிப்பதில்லை, கூடினால் மனிதர் அதற்காக எதையும் செய்யத் துணிவார். மாதச் சம்பளம் மாதம் முடிந்து 10 நாளுக்குள் கொடுபட வேண்டும் என்பது சட்டம். அது பிந்துகிற இடத்தில் ஊக்கத்தொகையைப் பற்றிப் பேசவே வேண்டாம். சம்பளத்தை 5ஆம் திகதியும் ஊக்கத்தொகையை 15ஆம் திகதியும் தனிச் சிட்டையோடு கொடுத்தால் இரண்டும் ஒன்றோடொன்று கரையாது. பெருநாள் கவரைத் தமிழருக்குத் தீபாவளிக்கும், முஸ்லிம்களுக்கு நோன்புப் பெருநாளுக்கும், கிறிஸ்தவருக்கு நத்தாருக்கும், சிங்களவருக்குச் சித்திரைப் புத்தாண்டுக்கும் கொடுக்கிற கடைகள் இங்கே பல உண்டு. தொகை எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும், அது ஊக்கத்தொகையில் கழிபடாமலும் இருக்கட்டும்.

உங்கள் பத்திரிகையிடம் ஒரு வேண்டுகோள். குறைந்தபட்ச வேதனம், மேலதிக நேரக் கணக்கு, சேமலாப நிதி வீதங்கள், பணிக்கொடைக் கணக்கு ஆகியவற்றை ஒரே அட்டவணையாக, ஒரு சம்பளத்துக்குப் போட்டுக் காட்டிய உதாரணத்தோடு, வருடத்துக்கு இரண்டு தடவை அரைப் பக்கத்தில் வெளியிடுங்கள். ஜனவரியில் ஒரு தடவை, நோன்பு தொடங்க ஒரு மாதம் முன்னால் ஒரு தடவை. வெட்டி எடுத்துக் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டக்கூடிய அளவில், எழுத்துப் பெரிதாக இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
சம்பளக் கணக்கு எழுதுவோர் சிலர்,
மட்டக்களப்பு – கல்முனை.